மஃரிபுக்கு ஐந்து நிமிடம் முன்பு

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் "சாஃப்ட்வேர்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். கேட்டவர்கள் உடனே சென்னையில் கண்ணாடிக் கட்டடம், வாசலில் வந்து நிற்கும் கார் என்று கற்பனை செய்துகொள்வார்கள். நான் கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டின் பின்னறையில், அரிசி மூட்டைக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். கிளினிக்கில் டோக்கன் எண் காட்டும் பலகை, டியூஷன் சென்டரின் வருகைப் பதிவு, இப்படிச் சின்னச் சின்னதாக. என் வீட்டுக்காரர் திருப்பாதிரிப்புலியூரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். பெட்டியை அவர் மாட்டுவார், உள்ளே ஓடுவதை நான் எழுதுவேன். திட்டு விழுந்தால் இருவருக்கும் சேர்த்துத்தான் விழும்.

சிதம்பரத்தில் நான் பிறந்த தெருவின் பள்ளிவாசலுக்குத் தொழுகை நேரம் காட்டும் பலகை வேண்டும் என்று கேட்டது என் மாமா. உம்மாவின் தம்பி, அந்தப் பள்ளிவாசலின் செயலாளர். ஐந்து வேளைக்கும் நேரம் வரிசையாகத் தெரியும். வேளை வந்ததும் அந்த எழுத்து சிவப்பாக மாறும். சிவப்பைப் பார்த்ததும் மோதினார் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்லுவார். அதோடு, தெருவில் இருப்பவர்கள் போனில் பார்த்துக்கொள்ள ஒரு சின்ன ஆப்பும் செய்து கொடுத்தேன்.

முதலில் பலகைக்கு ஒரு செட்டிங்ஸ் ஃபைல், ஆப்புக்கு ஒரு செட்டிங்ஸ் ஃபைல் என்று தனித்தனியாக வைத்திருந்தேன். ஊர் எங்கே இருக்கிறது, தொழுகையில் எந்த மத்ஹபின் வழி, பேணுதலுக்காகக் கூடுதலாகச் சேர்ப்பது எத்தனை நிமிடம் என்று அதில் பத்துப் பன்னிரண்டு வரி இருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஆப்புக்கான ஃபைலை, இங்கே கடலூரில் வேறொரு பள்ளிவாசலுக்குச் செய்ததிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். அந்தப் பள்ளி ஹனஃபி, எங்கள் தெரு ஷாஃபி. பிற்பகலின் அஸர் தொழுகை இரண்டுக்கும் ஒரு மணி நேரம் போல வித்தியாசப்படும். பலகை மூன்றரை என்றது, போன் நாலரை என்றது. தெருவில் பாதிப்பேர் கூட்டாகத் தொழும் ஜமாஅத்தைத் தவறவிட்டுவிட்டு மாமாவைப் பிடித்துக்கொண்டார்கள். மாமா என்னைப் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்கே முடிவு கட்டினேன். இனி இரண்டுக்கும் ஒரே ஃபைல். என் கையிலிருந்து இணையம் வழியாகப் போகும். போனும் அதைத்தான் படிக்கும், பலகையின் கம்ப்யூட்டரும் அரை மணிக்கு ஒருமுறை அதைத்தான் எடுத்துக்கொள்ளும். ஒரு இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும். இதைச் செய்து முடித்த நாளில் எனக்கு இருந்த பெருமையைக் கொஞ்ச நஞ்சம் என்று சொல்ல முடியாது. வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை விளக்கினேன். அவர் இரண்டாவது தடவை சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

அது நடந்து சில மாதத்தில் ரமலான் வந்தது. உம்மா இரண்டு வருடமாக நோன்பு வைக்கவில்லை. சர்க்கரை, அதோடு ஒரு ஆபரேஷன். டாக்டர் கண்டிப்பாகக் கூடாது என்று சொல்லியிருந்தார். அந்த இரண்டு ரமலானும் உம்மா பகலில் கதவைச் சாத்திக்கொண்டு, ஏதோ திருடித் தின்பதைப் போலக் கஞ்சி குடித்ததைப் பார்த்திருக்கிறேன். இந்த வருடம் டாக்டர் ஒருவழியாகச் சரி என்றார், மாத்திரை நேரத்தை மாற்றி எழுதிக் கொடுத்தார். உம்மாவின் முகத்தில் கல்யாண வீட்டுக் களை வந்துவிட்டது.

உம்மாதான் அந்தக் கோரிக்கையையும் கொண்டுவந்தாள். தெருப் பெண்கள் எல்லோரின் சார்பாகவும் பேசுவதாகச் சொன்னாள்.

"நோம்பு தொறக்குற பாங்குக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி போனு மணி அடிக்கிறாப்ல பண்ணு புள்ள. அடுப்படியில நிக்கிறவளுக்கு நேரம் போறதே தெரியல. பாங்கு சொல்றப்ப பாதிப்பேரு வடச்சட்டிய வெச்சிக்கிட்டு நிக்கிறாளுவ."

நியாயமான கோரிக்கை. மறுநாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்தேன். முறையாகச் செய்வதென்றால் அந்த ஃபைலில் "மணி அடிக்க" என்று புதிதாக ஒரு வரி சேர்க்க வேண்டும், அதைப் படிக்க ஆப்பில் நான்கு வரி எழுத வேண்டும். நோன்பு நேரத்து மதியம், வெயில், தலைவலி. ஃபைலில் ஏற்கெனவே, சூரியன் மறைந்ததும் தொழும் மஃரிபுக்கு நேரத்தை முன்னே பின்னே தள்ள ஒரு வரி இருந்தது. எப்போதோ தேவைப்படும் என்று வைத்தது, அதுவரை சுழியமாகவே சும்மா கிடந்தது. ஆப்பை அந்த வரியைப் பார்த்து மணி அடிக்கச் சொல்லிவிட்டு, சுழியம் இருந்த இடத்தில் மைனஸ் ஐந்து என்று போட்டேன். என் போனில் சோதித்துப் பார்த்தேன், அழகாக அடித்தது. தெருப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் தகவல் போட்டேன். இருபது கட்டைவிரல் வந்து விழுந்தன.

அன்று மாலை எங்கள் வீட்டில் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முதுநகர்ப் பள்ளியில் பாங்கு சொன்னார்கள். பழத்தை வாயில் போட்டேன், தண்ணீர் குடித்தேன், கஞ்சிக் கோப்பையை எடுத்தேன். இரண்டு வாய் குடித்திருப்பேன். கை அப்படியே நின்றுவிட்டது.

அந்த வரியை ஆப் மட்டும் படிக்கவில்லை. பலகையும் படிக்கிறது. அந்த வரி இருப்பதே பலகைக்காகத்தான். ஆப்புக்கு அதன் பொருள் ஐந்து நிமிடம் முன்பு மணி அடி என்பது. பலகைக்கு அதன் பொருள், மஃரிபையே ஐந்து நிமிடம் முன்னால் காட்டு என்பது. பலகை சிவப்பானால் மோதினார் பாங்கு சொல்லிவிடுவார். பாங்கு கேட்டால் தெருவே நோன்பு திறந்துவிடும். பேணுதலுக்காகச் சேர்க்கிற இரண்டு நிமிடத்தைக் கழித்தாலும், சூரியன் மறைய இன்னும் மூன்று நிமிடம் பாக்கி இருந்திருக்கும். மறைவதற்கு முன் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தாலும் அன்றைய நோன்பு போச்சு.

"மச்சான், நான் ஒரு பெரிய தப்பு பண்ணிட்டேன்" என்றேன் வீட்டுக்காரரிடம்.

சொல்லி முடித்ததும் அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "மொதல்ல தொழுதுட்டு வா. பதறாத" என்றார். தொழுதேன். என்ன ஓதினேன் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

தொழுது முடித்ததும் ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்து, இங்கிருந்தபடியே பள்ளிவாசல் கம்ப்யூட்டரின் உள்ளே போய்ப் பார்த்தேன். என் ஃபைல் அங்கே இருந்தது. மைனஸ் ஐந்து என்று அதில் தெளிவாக இருந்தது. அது அங்கே எப்போது போய்ச் சேர்ந்தது என்று காட்டும்படி நான் எதுவும் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டும் எழுத வேண்டும் என்று ஆறு மாதமாக நினைத்துக்கொண்டே இருந்தேன். முதல் வேலையாக அதைச் சுழியமாக்கினேன். ஆனால் நடந்து முடிந்த மஃரிபை எந்த ஃபைலைத் திருத்தி மாற்றுவது?

மாமாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. பள்ளியில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் அண்ணனின் எண் என்னிடம் இருந்தது. பக்கத்துக் கிள்ளை ஊர்க்காரர், ரமலான் மாதம் முழுக்கப் பள்ளியிலேயேதான் இருப்பார். அவர் எண் என்னிடம் இருந்த காரணம் அவ்வளவு நல்லதல்ல. போன வாரம் அவர் மோடத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அங்கே தன் மிக்ஸியைச் செருகியிருந்தார். நான் போன் போட்டுக் கத்திவிட்டேன். எனக்கு மூக்கின் மேல் கோபம். அவர் என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர் என்பதெல்லாம் கத்தி முடித்த பிறகுதான் நினைவுக்கு வரும்.

"அண்ணே, இன்னிக்கு மோடம் பிளக்க யாராவது புடுங்குனாங்களா?"

"யாரும் தொடலியேம்மா."

"நெஜமாவா? மத்தியானத்துல?"

"நீங்க சொன்னதுலேர்ந்து நான் அந்தப் பக்கமே போறதில்லம்மா. சத்தியமா."

அந்தப் பிளக் பிடுங்கப்பட்டிருக்க வேண்டுமே என்று வாழ்நாளில் முதன்முறையாக ஆசைப்பட்டேன். பிடுங்கியிருந்தால் புது ஃபைல் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. அந்த ஒரு நூலையும் அவர் வெட்டிவிட்டார். போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

வீட்டுக்காரர் வேறு வழி இருக்கிறதா என்று யோசித்தார். "பக்கத்துப் பள்ளி பாங்கு முன்ன பின்ன கேட்டிருந்தா யாராவது சொல்லியிருப்பாங்கல்ல?" என்றார். அந்தத் தெருவுக்கு அடுத்த பள்ளியின் பாங்கு கேட்காது, நடுவில் பஸ் போகிற ரோடு இருக்கிறது. வருடா வருடம் அச்சடிக்கிற தொழுகை நேர அட்டையையும், எல்லோருக்கும்தான் போனில் இருக்கிறதே என்று மாமா இந்த வருடம் நிறுத்திவிட்டார். நான் கொடுத்த தைரியத்தில்தான் நிறுத்தினார்.

மாமாவே திரும்ப அழைத்தார். அவர் ஸலாம் சொன்னதும் பதில் ஸலாம் சொன்னேன். மறைத்துவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் என் தப்புக்கு அத்தனை பேரின் நோன்பை நான் எப்படி முழுங்குவது? சொல்லிவிட்டேன்.

மாமா முழுதும் கேட்டார். பிறகு, "எத்தன வூடு தெரியும்ல?" என்றார்.

"தெரியும் மாமா."

"மோதினார்ட்ட கேட்டுட்டு வர்றேன், இரு" என்று போனோடு நடந்தார். செருப்புச் சத்தம் கேட்டது, யாரோ பேசுவது கேட்டது, திரும்பி வந்தார். "செவப்பு வந்துச்சு, பாங்கு சொன்னேங்குறாரு. மணி பாக்கலையாம். நாங்களும் யாரும் பாக்கல புள்ள. பாங்கு கேட்டப்புறம் எவன் மணி பாப்பான்?"

அதுதான் என்னைக் கொன்றது. தெரு பாங்கை நம்பியது, பாங்கு பலகையை நம்பியது, பலகை என் ஃபைலை நம்பியது. நடுவில் ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட வேண்டியது நான் ஒருத்திதான், நான் தலைவலி என்று சோம்பல்பட்டேன்.

மாமா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நம்ம இமாம் ஹஜ்ரத்த கேக்குறேன். அவரு எப்படியும் எல்லாரும் ஒரு நாள் களா வெக்கணும்னுதான் சொல்வாரு. இஷாவுக்கு எல்லாரும் வருவாங்க, அப்ப அறிவிச்சுடலாம். அதுக்குள்ள உறுதியா சொல்லு. ஆமான்னா ஆமான்னு சொல்லு, இல்லன்னா இல்லன்னு சொல்லு. தெரியலன்னு சொல்லாத" என்றார். இரவுத் தொழுகையான இஷாவுக்கு முக்கால் மணி நேரம்தான் இருந்தது.

விட்டுப்போன நோன்பை ரமலான் முடிந்து ஒரு நாள் வைத்துக்கொள்வது பெரிய கஷ்டம் இல்லை. மற்ற வீடுகளில் நாலு நாள் என் பெயரை இழுத்துப் பேசிவிட்டு வைத்துக்கொள்வார்கள். உம்மாவை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை. இரண்டு வருடம் ஏங்கி, ஒவ்வொரு நாளும் விடியுமுன் எழுந்து, எண்ணி எண்ணி நோன்பை முழுதாக்கியவள். அவளிடம் போய், நீ இன்று பகல் முழுக்கப் பட்டினி கிடந்தது சேராது, கெடுத்தது உன் மகள் என்று மாமா சொல்ல வேண்டும். மைக்கில் கேட்பதைவிட என் வாயால் கேட்கட்டும் என்று உம்மாவுக்குப் போன் போட்டேன்.

எடுத்ததும் அவளே ஆரம்பித்துவிட்டாள். "உன் மணி நல்லா அடிச்சுது புள்ள. தெருவே உன்னப் பத்தித்தான் பேசுது."

எப்படி ஆரம்பிப்பது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவள் தொடர்ந்து சொல்லிக்கொண்டே போனாள்.

"மணி அடிக்கச்சே எனக்கு வாழக்கா பஜ்ஜி கடைசி ஈடு எண்ணெயில கெடக்குது. அத எடுத்து வடிய வெச்சு, அடுப்ப அணச்சு, கஞ்சிய எல்லாருக்கும் ஊத்தி, பாய விரிச்சு உக்காந்து துஆவும் ஓதி முடிச்சேன். அப்புறமாத்தான் பாங்கே சொன்னாங்க. முன்னல்லாம் பாங்குக்குத்தான் ஓடியாருவேன்."

"உம்மா, இரு இரு. மணி அடிச்சுது. அப்புறம் என்ன பண்ணுன?"

"அதான் சொன்னேனே. பஜ்ஜிய எடுத்தேன்."

"அப்புறம்?"

"கஞ்சி ஊத்துனேன். ஏண்டி, காது கேக்கலியா?"

"பாங்கு எப்ப சொன்னாங்க? மணி அடிச்ச ஒடனேயா, அப்புறமாவா?"

"துஆ ஓதி முடிச்சு, சும்மா உக்காந்திருந்தப்பறம். எதுக்குடி போலீசு மாதிரி கேக்குற?"

அவள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள், எனக்கு உடம்பெல்லாம் லேசாகிக்கொண்டிருந்தது. போனில் மணி அடித்தது மஃரிபுக்கு ஐந்து நிமிடம் முன்பு. பலகை என் தப்பைப் படித்திருந்தால் அதுவும் சரியாக அதே நொடியில்தான் சிவப்பாகியிருக்கும். மணியும் பாங்கும் ஒன்றாகக் கேட்டிருக்க வேண்டும். பஜ்ஜியை எடுக்கவே நேரம் இருந்திருக்காது. அவளோ பஜ்ஜி எடுத்து, கஞ்சி ஊற்றி, துஆ ஓதி, சும்மாவும் உட்கார்ந்திருக்கிறாள். பலகை பழைய ஃபைலோடுதான் ஓடியிருக்கிறது.

"ரெண்டே நிமிஷம் உம்மா, திரும்பக் கூப்புடுறேன்" என்று வைத்துவிட்டேன்.

ஆனால் ஏன் பழைய ஃபைல்? காரணம் தெரியாமல் மாமாவிடம் உறுதி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறுபடி கஞ்சி அண்ணனை அழைத்தேன். இந்த முறை குரலை இறக்கிக்கொண்டேன். எனக்கு அது பழக்கமில்லாத வேலை.

"அண்ணே, நான் கத்த மாட்டேன். அன்னிக்குக் கத்துனதுக்கும் மன்னிச்சுக்குங்க. இன்னிக்கு அந்தப் பிளக்க நீங்க புடுங்கியிருந்தா எனக்கு அது பெரிய உதவி. உண்மையச் சொல்லுங்க."

மெல்ல, "தேங்கா அரைக்கணும்ல..." என்று இழுத்தார்.

"எப்ப புடுங்குனீங்க?"

"ஒரு பன்னெண்டு மணி இருக்கும். அந்த ஒரு பிளக்குதாம்மா கஞ்சிக் கொட்டாய்க்குப் பக்கத்துல கெடக்குது. அரைச்சுட்டு ஒடனே மாட்டிடலாம்னுதான் இருந்தேன், ஜாஸ்தி வேல, மறந்துட்டேன். நோம்பு தொறந்து கஞ்சி குடிச்சப்புறம்தான் ஞாபகம் வந்து ஓடிப்போயி மாட்டுனேன். நீங்க ஏசுவீங்கன்னு பயந்துக்கிட்டு சொல்லல."

பன்னிரண்டு மணிக்குப் பிடுங்கியிருக்கிறார். நான் ஃபைலை மாற்றியது ஒன்றரைக்கு. அவர் திரும்ப மாட்டியது நோன்பு திறந்த பிறகு. அதன் பிறகுதான் என் மைனஸ் ஐந்து அங்கே போய் இறங்கியிருக்கிறது, யாருக்கும் வேண்டாத நேரத்தில். எனக்குப் போன உயிர் வந்தது.

"அண்ணே, நீங்க நல்லா இருக்கணும்" என்றேன்.

"நக்கல் பண்ணாதீங்கம்மா" என்றார் பாவமாக.

இல்லை, மனதாரத்தான் சொல்கிறேன் என்று அவரை நம்பவைக்க எனக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. முழுதாக நம்பினாரா என்று இன்றைக்கும் தெரியாது. நான் போன வாரம் கத்தாமல் இருந்திருந்தால் அவர் முதல் தடவையே உண்மையைச் சொல்லியிருப்பார், நான் தரையில் உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது. இதை வீட்டுக்காரர் வாய்விட்டுச் சொல்லவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் இருந்தது.

மாமாவுக்குப் போன் போட்டு, "இல்ல மாமா. உறுதியா இல்ல" என்றேன். பிளக் கதையையும் பஜ்ஜி கதையையும் சொன்னேன். அவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்று விட்ட மூச்சு போனில் காற்று அடித்ததுபோலக் கேட்டது. அறிவிப்பு எதுவும் வேண்டாம் என்றார். பிறகு, தன் கோபத்துக்கும் ஒரு இடம் வேண்டும் என்பதால், நாளைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கஞ்சிக் கொட்டாய்க்கு ஒரு தனி பிளக் பாயிண்ட் போடச் சொல்கிறேன் என்று சத்தம் போட்டார்.

நான் மதியம் எழுதாமல் விட்ட அந்த வரியை அப்போதே உட்கார்ந்து எழுதினேன். மணிக்கு ஒரு வரி, மஃரிபுக்கு ஒரு வரி. ஒரே ஃபைல்தான், ஆனால் எந்த வரியை யார் படிக்கலாம் என்று பக்கத்திலேயே எழுதி வைத்தேன். மொத்தம் பத்து நிமிட வேலை.

பிறகு உம்மாவை அழைத்தேன். சொல்லாமல் விட்டிருக்கலாம், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவளிடம் மறைத்து எனக்குப் பழக்கமில்லை. மைனஸ் ஐந்திலிருந்து பிளக் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். ஃபைல் என்றால் என்ன, பலகை எதைப் படிக்கிறது என்றெல்லாம் விளக்கினேன். அவள் குறுக்கே பேசவே இல்லை. உம்மா குறுக்கே பேசாமல் இவ்வளவு நேரம் கேட்டது எனக்கு நினைவில்லை.

முடித்ததும் கேட்டாள்.

"அப்ப இன்னிக்கி நோம்பு சேந்துடுச்சுல்ல?"

"சேந்துடுச்சும்மா."

"அப்ப இதோட பதினேழு நோம்பு."

"பதினேழுதான் உம்மா" என்றேன். யாரிடமோ, "பதினேழு ஆச்சு எனக்கு" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போனை வைத்துவிட்டாள்.